மூன்றரைக் கட்டை

போன ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்தவர், உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

“மிஸ், இவ அஞ்சரைக் கட்டைல பாடிருவாளா?”

பெண்ணுக்குப் பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. எனக்காக வாங்கி வந்த வர்க்கிப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

“ஏன் அஞ்சரை?”

“முன்னாடி ஃபோன்லயே கிளாஸ் போயிட்டிருந்தா. பொம்பளப் பிள்ளைங்கன்னா அஞ்சரைதான்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளா மேல போனா தொண்டை கட்டிக்கிது மிஸ், வெறும் காத்துதான் வருது. போட்டிக்கு வேற பேர் குடுத்திருக்கோம்.”

நான் பெண்ணிடம் திரும்பினேன். “நீ பாட வேண்டாம். ஒண்ணுலருந்து இருபது வரைக்கும் எண்ணு, போதும்.”

எண்ணினாள். முதல் ஏழெட்டு எண்கள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற குரலில் வந்தன. பன்னிரண்டு தாண்டியதும் கூச்சம் விலகி, குரல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த இடத்தை ஆர்மோனியத்தில் தேடினேன். ஐந்து கட்டையை ஒட்டி இருந்தது. பேசுகிற குரலே அங்கேதான் நிற்கிறது என்றால், பாட்டுக்கு ஆதாரமான ஸ அதற்குச் சற்றுக் கீழே இருந்தால்தான் மேலே ஏறி இறங்க இடம் கிடைக்கும். நாலரையில் சுருதியை வைத்து, “இப்போ ஸ ப ஸ பாடு” என்றேன். பாடினாள். மேல் ஸ-வில் காற்று வரவில்லை, குரல் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். அம்மாவின் முகம் மட்டும் வாடிவிட்டது. மார்க் குறைந்துவிட்ட மாதிரி.

கட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளுக்கு வரிசையாக 1 முதல் 7 வரை எண். நடுநடுவே வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. எந்தக் கட்டையை ஸ என்று வைத்துக்கொள்கிறோமோ, அதுதான் நம் சுருதி. மேலைநாட்டுக்காரர்களின் ‘சி’ நமக்கு 1. பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆண்கள் ஒன்று, ஒன்றரை என்பது வழக்கமே தவிர சட்டம் அல்ல. மூன்றரை என்று ஒன்று கிடையாது, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஐந்தரைக் கட்டையில் ஆதார ஸ பிடிக்கும் பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 208 தடவை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. மேல் ஸ என்றால் 415. மேல் ப-வில், அதாவது மேல் பஞ்சமத்தில், 620-ஐத் தாண்டிவிடும். அரை மணி நேரச் சாதகத்துக்கு, அதாவது பாட்டுப் பயிற்சிக்கு, எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இத்தனையையும் தாங்குவது ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு சதை மடிப்புகள். செருப்பு வாங்கப் போனால்கூடக் காலை அளந்து பார்க்கிறோம்.

இவ்வளவு சூடாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நானும் ஐந்தரையில் வளர்ந்தவள்.

அப்பாவுக்கு நீலகிரியில், அருவங்காட்டு வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. ஃபாக்டரி சங்கை வைத்துத்தான் எங்கள் வீட்டில் பொழுது நகரும். எனக்குப் பத்து வயதானபோது, 1980-களின் தொடக்கம், குவார்ட்டர்ஸிலேயே ஒரு பாட்டு வகுப்பு நடந்தது. எட்டுப் பெண்கள். டீச்சர் கீழ்நாட்டிலிருந்து வந்தவர், நல்ல ஞானம், ராகம் பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவருடைய சுருதி ஐந்தரை. அதனால் எங்கள் எட்டுப் பேருடைய சுருதியும் ஐந்தரை. கையால் துருத்தி அமுக்குகிற மரச் சுருதிப் பெட்டி அது. ஐந்தரைக்கான துளையைத் திறந்து வைத்தவர், நான் அங்கே படித்த எட்டு ஒன்பது வருஷத்தில் அதை மாற்றிப் பார்த்ததில்லை.

சின்ன வயதில் பிரச்சினை தெரியவில்லை. குழந்தைக் குரல் எங்கே வைத்தாலும் ஏறிவிடும். பதிமூன்று வயதில் ஒரு மாற்றம். நேற்று வரை வந்த மேல் ஸ திடீரென்று விரிசல் விட்டது. டீச்சர் சளி என்றார். அம்மா கற்பூரவள்ளிக் கஷாயம் வைத்தாள். தைலம் போட்டு ஆவி பிடித்தேன். நீலகிரியில் பிறந்தவளுக்கு நீலகிரித் தைலத்தைத் தாண்டி என்ன மருந்து தெரியும்? சளி என்று ஒன்று இருந்தால்தானே போகும். பருவம் வரும்போது பெண்களுக்கும் குரல் இரண்டு மூன்று அரைச்சுரம் இறங்கும் என்று அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பையன்களுக்கு உடைவது ஊருக்கே கேட்கும், பெண்களுக்கு நடப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் தன் சாதகம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

நான் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் அழுத்திப் பாடினேன். கழுத்து நரம்பு புடைக்க, மோவாயைத் தூக்கி, தோளை ஏற்றி, எட்டாத உறியை எட்டிப் பிடிக்கிற மாதிரி மேல் ஸ-வைப் பிடித்தேன். பத்தொன்பதாவது வயதில், வர்ணம் பாடிக்கொண்டிருந்தபோது, சரண ஸ்வரத்தின் நடுவில் குரல் நின்றுபோனது. கரகரப்பு, கமறல் ஒன்றும் இல்லை. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே இழுத்து, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டி உள்ளே விட்டுப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் காய்ப்பு இருக்கும்மா” என்றார். கவாத்துக் கத்தி பிடிக்கிறவர்கள் உள்ளங்கையில் வருமே, அதே காய்ப்பு. குரல்நாணின் நீளத்தில் முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மோதல் அதிகமாக விழுகிற இடத்தில் வந்திருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். மூன்று வாரம் பேசாதே, அதற்குப் பிறகு குறைவாகப் பேசு, கிசுகிசுப்பாகப் பேசவே பேசாதே, அது இன்னும் மோசம். ஆவி பிடிக்கலாம், வெறும் வெந்நீர் போதும், தைலம் வேண்டாம், உள்ளே உலர்ந்துபோகும். தைலத்தைப் பற்றி அவர் சொன்னதை வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு கதை இருப்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கும் மனிதனின் குரல்நாண்கள் பாடும்போது என்ன செய்கின்றன என்று முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்து எழுதிவைத்தவர் மருத்துவர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா. 1854-இல் பல் வைத்தியர்களின் குட்டிக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள்ளேயே விட்டு, இன்னொரு கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடித்து, தன் குரல் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைத் தெரிவித்தார். 101 வயது வரை வாழ்ந்தார் மனிதர். மாணவர்கள் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு பாட்டு வாத்தியாருக்குத் தோன்றிய அந்தக் கேள்விக்காகவே அவர் படத்தை வகுப்பில் மாட்டலாம். தியாகராஜர் பக்கத்தில் மாட்டினால் பெற்றோர் கேள்வி கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நம்மிடம் இந்த யோசனை இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு இயலே இருக்கிறது. காற்று உந்தியிலிருந்து எழுகிறது, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களில் பொருந்தி எழுத்தாகிறது என்று உடம்பையே படம் போட்டுக் காட்டுகிறது. இதையெல்லாம் தமிழ் வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதே தெருவில் நடந்த பாட்டு வகுப்பில் உந்தி என்ற சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே கேட்டதெல்லாம் “நல்லா வாயைத் திறந்து பாடு”, “இன்னும் பலமா”.

நாலு வருஷம் பாடவில்லை. வீட்டில் பாட்டு என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள், துக்க வீட்டில் செத்தவர் பெயரைத் தவிர்க்கிற மாதிரி.

திரும்பப் பாட வைத்தது ஒரு கிறிஸ்துமஸ். குன்னூரில் நான் வேலை பார்த்த இடத்தில் கூட இருந்த அக்கா சர்ச் பாடகர் குழுவில் இருந்தார். கேரல் ரவுண்டுக்கு ஆள் போதவில்லை, சும்மா வந்து நில்லு, வாயசைத்தால் போதும் என்று இழுத்துக்கொண்டு போனார். குழுவை நடத்தியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எல்லோருக்கும் ஐயா. என்னை முன்னால் கூப்பிட்டு, பியானோவில் ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி, “ஆ” சொல்லச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “ஏம்மா, நீ ஆல்டோம்மா. அந்தப் பக்கம் போய் நில்லு.”

அவ்வளவுதான். அங்கே யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. பெண்களில் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ் என்று நாலு வரிசை, ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு வீடு. ஆல்டோவைக் கூப்பிட்டு நீ ஏன் சொப்ரானோ மாதிரிப் பாடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பது வருஷம் யாரோ ஒருவருடைய வீட்டில் குடியிருந்திருக்கிறேன் என்று அன்று ராத்திரி தோன்றியது.

ஐயாவிடம் ஆறு வருஷம் போனேன். அவர் சொல்லிக்கொடுத்தது டோ, ரே, மீ என்று பாடுகிற டானிக் சோல்ஃபா முறை. சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கிய முறையை ஜான் கர்வென் என்ற பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் திருத்திப் பரப்பினார், மிஷன்காரர்களோடு உலகமெல்லாம் போனது. அதில் ‘டோ’ என்பது ஒரே இடத்தில் நிற்காது, பாடுகிறவருக்குத் தோதாக நகரும். நம் ஸ மாதிரியேதான். ஐயாவிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, “உங்க ஸ நகரும்தான், உங்க டீச்சர்தான் நகர மாட்டாங்க” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடுவதற்கு முன் பத்து நிமிஷம் அவர் செய்ய வைத்ததெல்லாம் வேடிக்கையாக இருக்கும். உதட்டைத் தளர்த்தி பர்ர்ர் என்று அடித்துக்கொண்டே சுரம் ஏறி இறங்குவது. சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டுகிற சத்தம்தான். பிறகு வாயை மூடி ‘ம்ம்’. பிறகு ‘ஊ’. கடைசியில்தான் ‘ஆ’. நமக்கு எடுத்த எடுப்பிலேயே அகாரம்தான். வாய் முழுசாகத் திறக்கிற, சமாளிக்கக் கஷ்டமான உயிரெழுத்திலிருந்து தொடங்குகிறோம், அதுவும் விடிகாலையில்.

இன்றைக்கு என் வகுப்பில் இதையே ஸ்ட்ரா வைத்துச் செய்கிறேன். அரை டம்ளர் தண்ணீர், ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா, நுனி இரண்டு விரற்கடை அளவு தண்ணீருக்குள். ஸ்ட்ராவை வாயில் வைத்து ‘ஊ’ என்று சுரத்தோடு ஊத வேண்டும். குமிழி சீராக வந்தால் மூச்சு சீராகப் போகிறது. குமிழி விட்டு விட்டு வந்தால் மூச்சும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிவதால் பிள்ளைகளுக்குப் போட்டியே வந்துவிடும். கன்னம் உப்பக் கூடாது, தண்ணீர் சிந்தக் கூடாது. இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் எளியது. வாய் வழி குறுகலாக இருப்பதால் காற்று கொஞ்சம் திருப்பி அழுத்துகிறது. அந்த அழுத்தம் குரல்நாண்களை லேசாக விலக்கிப் பிடிக்கிறது. அதிர்வு நடக்கும், அடி குறையும். இன்கோ டிட்ஸா என்ற குரல் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எனக்கு இரண்டு ரூபாய் ஸ்ட்ராவில் நடக்கிறது. இப்போது காகித ஸ்ட்ரா, ஐந்து நிமிஷத்தில் ஊறிப்போகிறது. ஒரு பெண் மூங்கில் குழல் ஒன்றைச் சீவிக் கொண்டுவந்து கொடுத்தாள், அதுதான் இப்போது வகுப்பின் பொதுச் சொத்து. ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவ வேண்டியிருக்கிறது.

விடிகாலை என்றேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு மணிக்கு எழுந்து சாதகம் செய்தால் குரல் வளம் வரும் என்பது நம் ஆட்களிடம் வேத வாக்கு. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பாடினவர்கள் கதையெல்லாம் உண்டு. காவிரிக் கரையில் அது நடந்திருக்கலாம். ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, வாயைத் திறந்தால் புகை வருகிற ஊரில், அது சாதகம் இல்லை, தண்டனை. தூங்கி எழுந்ததும் குரல்நாண்கள் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதனால்தான் எல்லோருக்கும் காலைக் குரல் கனமாக இருக்கிறது. கீழ்ச் சுரங்கள், மந்திர ஸ்தாயி, அப்போது நன்றாக வரும், உண்மைதான். அந்தக் கனத்தைப் பலம் என்று நினைத்து மேலே இழுத்தால் என் கதைதான். என் பிள்ளைகளுக்குச் சொல்வது: குளி, டீ குடி, தம்பியோடு சண்டை போடு, ஒரு மணி நேரம் கழித்துப் பாடு.

உயரமும் ஒரு விஷயம்தான். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கோடை விழாவுக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் ஒரே மூச்சில் பாட வேண்டிய அடியை இரண்டாக உடைப்பதைக் கவனித்திருக்கிறேன். நாலு மாடிப்படி ஏறிவிட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். பிறந்ததிலிருந்து இங்கேயே மூச்சு விடுகிறவர்களுக்கு அது தெரியாது. புல்லாங்குழல்காரர் பாடு இன்னும் கஷ்டம். முப்பது டிகிரி வெயிலில் சுருதி சேர்ந்த குழல், பத்து டிகிரி குளிரில் ஏறக்குறைய கால் சுரம் இறங்கிவிடும், ஏனென்றால் குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. அதனால் குழலை ஸ்வெட்டருக்குள் சொருகி வைத்திருப்பார்கள். பாடகருக்கு அந்தச் சாக்கு கிடையாது. குரலின் சுருதியை முடிவு செய்வது காற்றல்ல, அந்த மடிப்புகளின் இறுக்கம். சுருதி விலகினால் குளிர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகிக் கோத்தகிரிப் பக்கம் இருந்த நாட்களில், வீட்டுக்கு எதிர்ச் சரிவில் தேயிலைத் தோட்டம். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. அதில் ஒரு பெரியம்மா. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்கு மருமகளைக் கூப்பிடுவார். ஒரே கூப்பாடு, பள்ளத்தைத் தாண்டிப் போய் விழும். கத்துகிற மாதிரியே இருக்காது. அடுத்த நொடி திரும்பி என்னிடம் சாதாரணமாகப் பேசுவார், குரலில் கமறல்கூட இருக்காது.

எப்படி என்று கேட்டேன். “அதென்ன அதிசயம், கூப்புட்டா போவுது” என்றார். இப்படிப்பட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல நாள் பார்த்தேன். கூப்பிடும் முன் மூச்சு இழுப்பார், தோள் ஏறாது, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு மட்டும் லேசாக முன்னால் தள்ளும். தாடை தொங்கும். ‘ஏ’ என்று ஆரம்பித்து ‘ஓ’வில் முடிப்பார், எந்தப் பெயராக இருந்தாலும் கடைசியில் ஒரு ஓ. நம் காது 3,000 அதிர்வுக்குப் பக்கத்தில்தான் ரொம்பக் கூர்மை. குரலில் அந்தப் பகுதி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சத்தம் கூடாமலே தூரம் போகும். மேடையில் மைக் இல்லாமல் பாடுகிறவர்கள் வருஷக்கணக்கில் பழகிப் பிடிக்கிற அந்தக் கணீர், பெரியம்மாவிடம் கூடையோடு வந்திருந்தது. அதற்காக அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். மாரியம்மன் பண்டிகையில் மூன்று நாள் விடாமல் கும்மிக்குப் பாடிவிட்டு ஒரு வாரம் சைகையில் பேசினவரும் அவர்தான்.

இப்போது என் வகுப்பில் அதையும் சேர்த்திருக்கிறேன். மொட்டை மாடியில் நின்று கீழே ரோட்டில் போகிற தோழியைக் கூப்பிடு. கத்தாதே, கூப்பிடு. அந்தக் கூப்பாட்டில் குரல் எங்கே நின்றதோ அதே இடத்தில் ‘ஸா’. அக்கம்பக்கத்து வீடுகளில் ஆரம்பத்தில் எட்டிப் பார்த்தார்கள், இப்போது பழகிவிட்டது.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தரைக்கு இத்தனை மரியாதை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்குத் தெரிந்து, மேடை நாடகத்திலிருந்துதான். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடின காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், உயர்ந்த சுருதி இல்லாமல் ஆகாது. சுந்தராம்பாளுக்கு அந்தத் தொண்டை இயல்பாக இருந்தது, எல்லோருக்கும் இருக்குமா? மைக் வந்த பிறகு அடித்தொண்டையில் நிதானமாக எம்.டி. ராமநாதன் பாடியதையும் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கொட்டகை போய்விட்டது, அதன் சுருதி மட்டும் வகுப்புகளில் தங்கிவிட்டது.

பாடமுறையில் எனக்குச் சண்டை அதிகம் இல்லை. சரளி வரிசை, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்று புரந்தரதாசர் பெயரில் வழங்கும் இந்த ஏணி ஐந்நூறு வருஷமாகத் தாங்குகிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவதற்கும் நியாயம் இருக்கிறது: ஸ ரி க ம எந்த இடைவெளியில் போகிறதோ அதே இடைவெளியில் ப த நி ஸ போகும். கீழ்ப்பாதியைப் பிடித்தவன் மேல்பாதியையும் பிடிப்பான். ஆனாலும் ஸ-வை ஒட்டி நிற்கிற அந்த ராகத்து ரி, சுத்த ரிஷபம், புதுக் குரலுக்கு வழுக்குப் பாறை. முதல் ஒரு மாதம் மோகன ராகத்தில் ஐந்து சுரத்தை மட்டும் வைத்துப் பாட வைக்கிறேன். இதைக் கேள்விப்பட்டுச் சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

என் வருத்தமெல்லாம் முதல் காலத்தைப் பற்றியது, அதாவது வரிசையை மெதுவாகப் பாடுகிற முதல் வேகத்தைப் பற்றியது. குரல் வளர்வது அங்கேதான். ஒவ்வொரு சுரத்திலும் நிற்க நேரம் இருக்கிறது, மூச்சு தீர்வது தெரிகிறது, சுருதியோடு உரசுவது கேட்கிறது. இரண்டாம் காலமும் மூன்றாம் காலமும் தாளத்துக்கான பயிற்சி. பெற்றோருக்கு மூன்றாம் காலம்தான் பிடிக்கிறது, வீடியோ எடுக்கத் தோதாக இருக்கிறது. எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று சரளி வரிசைப் புத்தகத்தில் குறி போட்டு நான் பார்த்ததில்லை. நானே பென்சிலால் சின்னக் கமா போட்டுக் கொடுக்கிறேன்.

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு பையன் ஒன்பது வயதில் வந்தான். ஆறு கட்டையில் மணி மாதிரிப் பாடுவான். பதிமூன்றரை வயதில் ஒரு சனிக்கிழமை, கீதத்தின் நடுவில் குரல் இரண்டாகப் பிளந்தது. கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் காது சிவந்துபோனது. அடுத்த வாரம் அப்பா போன் செய்தார், “சளி மிஸ், மிளகுக் கஷாயம் குடுத்துட்டிருக்கோம்.” எங்கேயோ கேட்ட குரல்.

பையன்களுக்கு இப்படிக் குரல் உடைவதைச் சொல்ல மகரக்கட்டு என்று அழகான சொல் இருக்கிறது தமிழில். சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு அந்தச் சொல் வயிற்றைக் கலக்கும். மகரக்கட்டு உடைந்தால் பெண் வேஷம் போகும், பாட்டு போகும், சோறும் சந்தேகம். குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடித்து, சில மாதங்களில் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸ-விலிருந்து கீழ் ஸ வரைக்கும், இறங்குகிறது. மூளைக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும், அதனால் குறி தப்பும். வழக்கமாகச் சொல்வது: ஒரு வருஷம் நிறுத்திவிடு. நிறுத்தினால் அவன் திரும்ப வர மாட்டான், எனக்குத் தெரியும்.

அவனைத் தனியாக வரச் சொன்னேன். ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் வேலை, இன்றைக்கு எந்தக் கட்டை என்று பார்த்து எழுதுவது. ஆகஸ்ட்டில் நாலு. செப்டம்பர் கடைசியில் மூன்று. தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம், எங்கே வைத்தாலும் நிற்கவில்லை, அன்றைக்கு நோட்டில் ‘லீவு’ என்று எழுதி, தாளத்தில் சொற்கட்டு மட்டும் சொல்ல வைத்தேன். நவம்பரில் இரண்டு. பாடியதெல்லாம் ஸ முதல் ப வரைக்கும் ஐந்தே சுரம், மெதுவாக. ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்து ஜனவரியில் வந்தபோது ஒன்று. அதற்குப் பிறகு அசையவில்லை. மார்ச்சில் மேல் ஸ வந்தது, கனத்தோடு, அவனுடையதாக. இப்போது வீட்டு போனை அவன் எடுத்தால், நான் அப்பா என்று நினைத்து “சார், பையன் இருக்கானா” என்கிறேன்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வருவோம். போட்டியில் குழுப் பாட்டு, பள்ளியில் எல்லோருக்கும் ஐந்தரைதான் வைப்பார்களாம். அம்மா கேட்டார், “அதுக்கு மட்டும் பாடிக்கட்டுமா மிஸ்?” குழுவில் நின்று மெல்லப் பாடினால் ஒன்றும் ஆகாது, மேல் பஞ்சமம் வரும் இடத்தில் வாயை மட்டும் அசைக்கட்டும் என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் பாடும்போது நாலரை என்று அவள் கையிலேயே எழுதிக் கொடுத்தேன். “ஒரு வருஷம் கழிச்சு திரும்பப் பார்ப்போம், மாறலாம்” என்றேன். “ஏறுமா?” என்றார் அம்மா உடனே.

“உங்களுக்கு எத்தனை கட்டை மிஸ்?” என்று பெண் கேட்டாள். அவள் அன்றைக்கு வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி.

மூன்றில் வைத்தால் எனக்குக் கீழே இடிக்கிறது, நாலில் வைத்தால் மேலே இழுக்கிறது. காய்ப்பு கரைந்து, வயதும் ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்தத் தொண்டை போய் நின்ற இடம் அந்த இரண்டுக்கும் நடுவில், ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத இடத்தில். ஆர்மோனியக்காரர்கள் என்னோடு வாசிக்க முடியாது. மின்சாரச் சுருதிப் பெட்டியில் மட்டும், பக்கவாட்டில் நுணுக்கமாகத் திருகுகிற குமிழ் ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பி ஒருநாள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பேத்தியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாற்றி மாற்றித் திருகுவதால் புள்ளி தேய்ந்துகொண்டே வருகிறது. மாதம் ஒரு தடவை மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது.

“மூன்றரை” என்றேன்.

“மூன்றரைன்னு இல்லையே மிஸ்” என்றாள்.